ரத்தம் உறையும் நேரம்

நான் இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவள் என்பது தெரிந்ததிலிருந்து ஆனையூரில் எங்கள் வீட்டைத் தேடி யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். மகளுக்கு அதே ஆபரேஷன் என்று ஒரு தாய் வருவார். தம்பியை அழைத்துக்கொண்டு ஓர் அண்ணன் வருவார். "ரொம்ப வலிக்குமா டீச்சர்?" "கீரையே சாப்பிடக் கூடாதாமே?" "ரத்தம் மெலியுற மாத்திரையை நிப்பாட்டவே முடியாதா?" எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்புவேன். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு பார்த்தால், வந்தவர்களிடம் சொல்லாமல் விட்டதுதான் அதிகமாக இருக்கிறது.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் விட்ட பிறகு முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. வீக்கம் வடிந்ததும் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். மூட்டுகளை விட்டுப்போன அந்த நோய் இதயத்தை விட்டுப் போகவில்லை என்பது எனக்கு முப்பது வயது ஆனபோதுதான் தெரிந்தது. தல்லாகுளத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் என் வகுப்பு மாடியில் இருந்தது. பாதிப் படியில் நின்று, பிள்ளைகளைத் திட்டுவது போல நடித்து மூச்சு வாங்கிக்கொள்வேன். பிறகு படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினேன். ஒருநாள் இருமியபோது கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

மதுரையில் இதயப் பிரிவு டாக்டர் என் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மாணவர்கள் நான்கைந்து பேரைக் கூப்பிட்டு அவர்களையும் கேட்கச் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல இதயத்தைக் கேட்க யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. ரத்தம் கீழே இறங்கத் திறக்கும்; மேலே திரும்பாமல் இருக்க மூடும். எனக்கு அந்தக் கதவு தடித்துச் சுருங்கி, ஒழுங்காகத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றது. பின்னால் தேங்கிய ரத்தம் நுரையீரலை நனைத்தது. மூச்சு வாங்கியது அதனால்தான்.

"இவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிப் பாக்கலாமா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"முதல்ல நல்லா மூச்சு விடட்டும்மா," என்றார் டாக்டர்.

ஆபரேஷன் மதராஸில் நடந்தது. அதைப் பற்றி நிறையச் சொல்ல என்னிடம் இல்லை, ஏனென்றால் முக்கியமான நேரமெல்லாம் எனக்கு நினைவில்லை. கெட்டுப்போன கதவை எடுத்துவிட்டு, கூண்டுக்குள் பந்து உருளும் ஒரு செயற்கை வால்வைத் தைத்தார்கள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. மார்பு எலும்பை நடுவில் அறுத்துத் திறந்திருந்ததால் இருமினால் உயிர் போனது. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். செலவுக்காக அண்ணன் சமயநல்லூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. கையைத் தூக்க முடியாத அந்த மாதங்களில் மதினிதான் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அவசரத்திலும் என் பின்னலை மட்டும் அவர் அவசரமாகப் பின்னவில்லை.

மூச்சு வந்துவிட்டது. மாடிப்படியில் நிற்காமல் ஏறினேன். ஆனால் வால்வோடு கூடவே ஒரு மாத்திரையும் வந்தது. உடம்புக்குள் வைத்த அந்நியப் பொருளின் மேல் ரத்தம் கட்டியாக உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். அல்லது கட்டி பிய்ந்து ரத்தத்தோடு போய் மூளையில் அடைத்துக்கொள்ளும். அதனால் ரத்தம் எளிதில் உறையாதபடி தினமும் மாத்திரை போட வேண்டும், ஆயுள் முழுவதும். அதிகமாகிவிட்டால் எங்கிருந்தாவது ரத்தம் கசிய ஆரம்பிக்கும், நிற்காது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்கத்தான் மாதம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, மதுரை ஆஸ்பத்திரியில், வால்வு வைத்துக்கொண்ட நாங்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்தோம்.

அந்தப் பரிசோதனை எளிமையானது. ரத்தத்தைக் குழாயில் எடுத்து, ஒரு மருந்தைக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். எத்தனை நொடியில் உறைகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் குறிப்பார்கள். மற்றவர்களுக்கு ஆவதைவிட எங்களுக்குக் கூடுதல் நேரம் ஆக வேண்டும். முடிவு வரும்வரை வராந்தா பெஞ்சில் காத்திருப்போம்.

அங்கேதான் ஜனார்த்தனனைப் பார்த்தேன். எனக்கு ஓரிரு வயது மூத்தவர். மஹால் பக்கம் அவர்கள் குடும்பத்துக்குச் சுங்குடிச் சேலைக் கடை இருந்தது. நான் உட்கார்ந்த பெஞ்சில் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர், தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சத்தம் எங்கிட்ட இருந்துதான் வருதுன்னு நெனச்சேன். ரெண்டு சத்தம் கேக்குதேன்னு பாத்தா, உங்களுக்கும் பந்து வால்வா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த 'டக் டக்' சத்தம் வெளியே கேட்கும் என்பதாலேயே நான் ஆசிரியர்கள் அறையில் ஓரமாக உட்காருவது வழக்கம். இவர் அதை மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டார்.

"ஆமாங்க," என்றேன்.

"நல்லது. இனிமே பஸ்ஸுல யாராச்சும் திரும்பிப் பாத்தா, ஊர்ல நான் ஒருத்தன் மட்டும் இல்லன்னு நெனச்சுக்கிருவேன்."

அவர் நல்ல மதுரைத் தமிழ் பேசினார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. கடைக்கு யாராவது உறவினர் வந்தால் பாதி வாக்கியம் இதிலும் பாதி அதிலுமாகப் போகும் என்று சொன்னார். அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். கீரையில் ரத்தத்தை உறைய வைக்கும் சத்து இருக்கிறது. ஒருநாள் நிறையச் சாப்பிட்டு மறுநாள் விட்டால் மாத்திரையின் கணக்குக் குழம்பிவிடும். அளவாக, ஒரே மாதிரி சாப்பிடுங்கள் என்றார்கள். அளவாகச் சாப்பிடத் தெரியாமல் நாங்கள் இருவருமே அடியோடு விட்டிருந்தோம். அகத்திக்கீரைப் பொரியலை அவர் வர்ணிப்பதைக் கேட்டால் நோயில்லாதவனுக்கும் பசிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் எங்களை எல்லாம் உட்கார வைத்து ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்.

"வழக்கமா குடுக்கிற அளவுல நம்ம ஜனங்களுக்கு ரத்தக்கசிவு ஜாஸ்தியா வருதோன்னு எனக்குச் சந்தேகம். பாதிப் பேருக்கு வழக்கமான அளவு, பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைச்சுக் கொடுத்துப் பாக்கப் போறோம். யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் முடிவு. யாருக்கும் ஒண்ணும் ஆகாம இருக்க ஒவ்வொரு மாசமும் கூர்ந்து பாப்போம். விருப்பம் இல்லாதவங்க சேர வேண்டாம், அதுக்காக வைத்தியத்துல குறை வைக்க மாட்டோம்."

நாங்கள் இருவரும் சேர்ந்தோம். எனக்கு வழக்கமான அளவு விழுந்தது. அவருக்குக் குறைந்த அளவு.

ஒவ்வொரு செவ்வாயும் ஓர் இளம் டாக்டர் கேள்விகள் கேட்பார். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா? மூக்கில்? சிறுநீர் சிவப்பாகப் போகிறதா? மலம் கறுத்திருக்கிறதா? அடிபடாமலே தோலில் நீலம் பாரிக்கிறதா? நான் எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அது உண்மையும்கூட. அவர் கேட்காதது ஒன்று இருந்தது. மாதவிலக்கு நாட்களில் எனக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. துணியை அலசி மாளவில்லை. பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சுருண்டு கிடப்பேன்.

"அறுத்துத் தைச்ச உடம்பு ஆத்தா, அப்படித்தான் இருக்கும். போகப்போகச் சரியாப் போகும்," என்றார் அம்மா.

தம்பி வயதுள்ள அந்த டாக்டரிடம், பெஞ்சில் ஜனார்த்தனன் காது கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, நான் அதை எப்படிச் சொல்வேன்? எனக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்த பெண்களும் இல்லை இல்லை என்றே தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எண்கள் மங்கின. சாக்பீஸ் விழுந்த சத்தம் நினைவிருக்கிறது, நான் விழுந்தது நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கண் விழித்தபோது உதடு காய்ந்து, காதுக்குள் என் வால்வு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தார். ஒரு டாக்டரம்மா வந்து என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லை என்றார். அண்ணனையும் அம்மாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாசாமாசம் எப்படி இருக்கு?"

சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்துவிட்டது. அவர் இடையில் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"ஏம்மா இத்தன நாள் சொல்லல?"

"யாரும் கேக்கலையே டாக்டர்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமா," என்றார். "நாங்க கேக்கல."

மாத்திரையை உடனே அடியோடு நிறுத்தவும் முடியாது, வால்வில் கட்டி விழும். தொடரவும் முடியாது. என்ன செய்வது என்று இதயப் பிரிவு டாக்டரும் டாக்டரம்மாவும் என் கால்மாட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். அளவைக் குறைத்தார்கள், காலையும் மாலையும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முதலில் எனக்கு ரத்தம் ஏற்றியாக வேண்டும். என் ரத்த வகை இருப்பில் இல்லை. அண்ணனுடையது பொருந்தவில்லை. ரத்தம் தர ஆள் தேடி அவர் என் பள்ளிக்கும் தன் அலுவலகத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பெஞ்சில் என்னைக் காணாமல் ஜனார்த்தனன் நர்ஸிடம் விசாரித்திருக்கிறார். புதன்கிழமை காலையில் வார்டு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. எனக்குப் புரியாத மொழி. எட்டிப் பார்த்த மதினி, "ஏழெட்டு ஆம்பளைங்க நிக்கிறாங்க, கையெல்லாம் சாயம்," என்றார். ஜனார்த்தனன் தன் தெருவில் சாயப்பட்டறையிலிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வேலையிலிருந்து அப்படியே வந்ததால் விரல்களில் சிவப்பும் நீலமும் அப்பியிருந்தன. ரத்த வங்கியில் இருந்தவர் ஊசி குத்தும் இடத்தைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போனாராம். அவர்களில் இரண்டு பேருடையது எனக்குப் பொருந்தியது. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பார்வை நேரத்தில் ஜனார்த்தனன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கிய ரத்தப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நானும் குடுக்கிறேன்னேன் டீச்சர். சிரிக்கிறாங்க. நம்ம ரத்தம்தான் நம்மளுக்கே பத்தலையே. என்னோடத உங்களுக்கு ஏத்தினா, தண்ணிய ஏத்தின மாதிரிதான் இருக்கும்."

நான் சிரித்தேன். தையல் போட்ட இடம் வலிக்காமல் சிரித்தது அன்றுதான் முதல்முறை.

அவர் போன பிறகு அண்ணன் கேட்டார். "யாரு இந்த ஆளு?"

"எங்கூட ரத்தம் குடுக்க வர்றவர்ண்ணே."

அண்ணன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் தேறினேன். டாக்டர் என்னைக் குறைந்த அளவுக்கு மாற்றினார். டாக்டரம்மா செவ்வாய்க்கிழமைகளில் வந்து, பெண்களை மட்டும் தனி அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். ஆய்வின் கேள்விகளில் அதுவும் ஒரு கேள்வி ஆயிற்று. என் உடம்பு லேசாயிற்று. மாதத்தில் ஒரு வாரத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது.

அந்த வாரங்களில் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். மாதத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. மற்ற நாட்களில் தல்லாகுளத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, கூட்டம் குறைந்து எஞ்சின் நின்றால் என் வால்வின் சத்தம் கேட்கும். இரண்டாவது சத்தம் கேட்கவில்லையே என்று தோன்றும். முடிவு வந்ததும் நாங்கள் சேர்ந்தே பஸ் நிறுத்தம்வரை நடப்போம். எனக்கு வடக்கே போகும் பஸ், அவருக்குத் தெற்கே. இரண்டு பஸ்களும் எங்களுக்காகச் சீக்கிரம் வந்துவிடும். நான் வெறுத்ததெல்லாம் அந்தப் பஸ்களின் ஒழுங்கைத்தான்.

ஒரு செவ்வாயன்று அவருடைய பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

"ஒண்ணு கேக்கவா டீச்சர்?"

"கேளுங்க."

"என்னைக் கட்டிக்கிருவீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் அவசரமாகப் பேசினார். "எங்க வீட்டுல சண்டை வரும். உங்க வீட்டுலயும் வரும். பாஷை வேற, எல்லாம் வேற. புள்ள பெத்துக்கிறது இந்த மாத்திரையோட ஆகாதுன்னு டாக்டர் எல்லார்கிட்டயும் சொல்லிருக்காரு, எனக்கும் தெரியும். அதுக்காகக் கேக்கல. நான் பேசிக்கிட்டே இருக்கணும்னு தோணுற ஆளு நீங்க. அம்புட்டுத்தான்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். வேறு எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"மெதுவாச் சொல்லுங்க," என்று அடுத்த பஸ்ஸில் ஏறினார். "வாரேன் டீச்சர்."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பஸ் ஆனையூர் வருவதற்குள் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது, அண்ணனிடம் முதலில் சொல்லலாமா, மதினி மூலமாகச் சொல்லலாமா என்றுதான் அந்த மாதம் முழுவதும் யோசித்தேன். மதினி கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறுமாதம் ரத்தம் கொடுக்கப் போகும் செவ்வாயன்று பின்னலில் கொஞ்சம் அதிகமாகப் பூ வைத்துவிட்டார்.

பெஞ்சு காலியாக இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், அவர் வரவில்லை. ரத்தம் எடுத்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க வார்டுல இருக்காரு. போயிப் பாருங்க," என்றார்.

கட்டிலருகே அவருடைய அக்கா ராதா உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தபின் தம்பியோடு இருப்பவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "டீச்சரா?" என்று கேட்டார். அப்படியென்றால் வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஜனார்த்தனனின் வலது கை போர்வைக்கு மேலே யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண்கள் என்னை அறிந்துகொண்டன. அதில் சந்தேகமில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். நான் வேறு ஏதோ ஊர்ப் பேச்சைப் பேசுவதுபோலப் புருவத்தைச் சுருக்கினார்.

ராதா அக்கா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "கடைவாய்ப் பல்லு வலி. பிடுங்கணும்னாங்க. ரத்தம் நிக்காதுன்னு பயந்துக்கிட்டு, யார்கிட்டயும் கேக்காம இவனா மாத்திரைய நிறுத்திட்டான். பல்லப் பிடுங்கியாச்சு, வலியும் போச்சு. அதுக்கப்புறமும் ஆரம்பிக்கல. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், இன்னும் ரெண்டு நாள் போகட்டும்னான்." பிறகு சொன்னார்: "ரத்தம் ஏத்தி நீங்க படுத்துக் கெடந்ததப் பாத்துட்டு வந்ததுல இருந்து அவனுக்கு ரத்தம்னாலே பயம் டீச்சர்."

வால்வில் விழுந்த கட்டி ஒன்று பிய்ந்து மூளைக்குப் போய்விட்டது. டாக்டர் எனக்கும் சேர்த்தே விளக்கினார். பேச்சுக்கான இடத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது. கை கால் ஓரளவு திரும்பும். பேச்சும் திரும்பலாம். முதலில் கற்றுக்கொண்ட மொழி சிலருக்கு முதலில் திரும்பும், பிறகு கற்றது எப்போது வரும், வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியேதான் நடந்தது. சில வாரங்களில் அவர் அக்காவிடம் வார்த்தை வார்த்தையாகப் பேச ஆரம்பித்தார். எல்லாம் அவர்கள் வீட்டு மொழி. தமிழில் ஒரு சொல் வரவில்லை. தமிழில் சொன்னால் முழித்தார். கடையில் நாள் முழுக்கத் தமிழ் பேசிச் சேலை விற்ற மனிதர்.

ஆய்வு அதன்பின் சில மாதங்கள் நடந்து முடிந்தது. குறைந்த அளவு எடுத்தவர்களிடம் ரத்தக்கசிவு குறைவாகவே இருந்தது, கட்டி விழுவதும் அதிகமாகவில்லை என்றார் டாக்டர். "ஆனா இத்தன பேர வச்சு முடிவாச் சொல்லிட முடியாதும்மா, மத்த ஊர்கள்லயும் பாக்கணும்." ஜனார்த்தனனை எதில் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். "அளவு குறைஞ்சதால வந்தது இல்ல, மாத்திரை நின்னதால வந்தது. நடந்தது நடந்தபடியே எழுதுவேன்," என்றார். எனவே என்னைத் தேடி வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பல்லோ, காயமோ, வேறு எதுவோ, நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மஹால் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"எந்த உறவுல போற நீ? நாலு பேரு கேட்டா என்ன சொல்ல?"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "அவ உடம்புல ஓடுறது அந்தத் தெரு ரத்தம்டா. போயிட்டு வரட்டும்."

நான் அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த எனக்கு, சொல்லைக் கேட்டு வாயில் உருட்டித் தப்பாகச் சொல்வது எவ்வளவு கூச்சமானது என்று அப்போதுதான் தெரிந்தது. ராதா அக்கா பொறுமையாகச் சொல்லித் தந்தார். தண்ணீர், சோறு, மாத்திரை போட்டாச்சா, வலிக்கிறதா, வெயில் அதிகம், மெதுவாக நடங்க. நான் தப்பாகச் சொன்னால் ஜனார்த்தனன் சிரிப்பார். இடது கையை ஆட்டி, சரியாகச் சொல்லிக் காட்டுவார். கோலை ஊன்றி வாசல்வரை நடந்தார். என்னால் அவரோடு காய்கறி விலை பேச முடிந்தது, மழை வருமா என்று பேச முடிந்தது.

ஆனால் பஸ் நிறுத்தத்தில் அவர் கேட்ட கேள்வி அவர் நினைவில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் அவர் மொழியில்தான் கேட்க வேண்டும். எனக்கு அந்த மொழியைச் சொல்லித் தருகிறவர் ஒருவர்தான், அவர் அவருடைய அக்கா. 'அன்றைக்குக் கேட்டீர்களே, அதற்குப் பதில் சரி' என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று அவரிடம் நான் எந்த முகத்தோடு கேட்பேன்?

துண்டு துண்டாகச் சேர்த்தேன். பால்காரர் அன்றைக்கு வரவில்லை என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு ஞாயிறு கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்டார் என்பதை இன்னொரு ஞாயிறு. பதில் என்பதற்குப் பள்ளிப் பரீட்சையைச் சாக்காக வைத்துக் கேட்டேன். சரி என்ற சொல் ஏற்கெனவே தெரியும். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ராதா அக்கா காப்பி போட உள்ளே போனார். ஜனார்த்தனன் நாற்காலியில் இருந்தார். கடையிலிருந்து வந்த சேலைக் கட்டு ஒன்று அவர் மடியில் இருந்தது, இடது கையால் முடிச்சை அவிழ்க்கப் பழகிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். முதல்முறை தடுமாறிவிட்டது. திரும்பவும் சொன்னேன்.

அவர் கை முடிச்சிலேயே நின்றது. இந்த முறை சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். நோய் வந்ததிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சில இடங்களில் சொல் கிடைக்காமல் நின்றார், கண்ணை மூடித் தேடினார், கிடைத்ததும் தொடர்ந்தார். எல்லாம் அவர் மொழியில்; எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புரிந்தது. 'பஸ்' என்றார், 'மழை' என்றார், என்னவோ 'வேண்டாம்' என்றார், பிறகு அந்த 'வேண்டாம்' வேறு எதற்கோ என்பதுபோலத் தலையை வேகமாக ஆட்டினார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க இடது கை சேலைக்கட்டை விட்டுவிட்டு மேலே வந்தது.

திரும்பிப் பார்த்தேன். ராதா அக்கா இரண்டு தம்ளர்களோடு நிலைப்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. காப்பியில் ஆடை படிந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்கும். நான் கேட்டிருந்தால் அங்கேயே தமிழில் சொல்லியிருப்பார்.

"ஆறிப்போச்சு டீச்சர், குடிங்க," என்று தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

அக்காவிடம் நான் கேட்கவில்லை. ஜனார்த்தனன் சொன்னதை அவரிடமிருந்தே, அவர் மொழியிலேயே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளோடு புதன்கிழமை சாயங்காலமும் போகிறேன். கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது.